ஒரே சர்வரில் விலாசப் பங்கீடும் தொலைவழி நுழைவும்

கொள்ளேகாலிலிருந்து மாதேஸ்வரன் மலைக்குச் செல்லும் சாலையில் ஹனூர் என்னும் ஊர் உள்ளது. 1956-ஆம் ஆண்டு அக்டோபர் மாத முடிவு வரை இவ்வூர் சென்னை ராஜ்யத்தில், கோயமுத்தூர் ஜில்லாவின் கொள்ளேகால் தாலுகாவைச் சேர்ந்திருந்தது. அவ்வாண்டு நவம்பர் முதல் தேதி ராஜ்யங்கள் திருத்தியமைக்கப்பட்டபோது மைசூர் ராஜ்யத்துடன் இணைந்தது. 1973-இல் அந்த ராஜ்யமே கர்நாடகம் என்று பெயர் மாறிற்று. 1997-இல் மைசூர் ஜில்லாவிலிருந்து சாமராஜநகர் ஜில்லா பிரிந்தது. 2018-இல் ஹனூர் தனித் தாலுகாவாயிற்று. இத்தனை மாறுதல்களிலும் ஊர் ஓர் அடிகூட நகரவில்லை. மாறியது அதன் விலாசம் மட்டுமே. விலாசத்தைப் பங்கிடும் அதிகாரம் எவரிடம் இருக்கிறதோ அவருடைய பதிவேட்டில் எழுதப்பட்டிருப்பதே விலாசம் என்பதை இவ்வூரார் நேரில் அறிந்தவர்கள்.

கணிப்பொறி வலையமைப்பிலும் நிலைமை இதுவே. ஒவ்வொரு கணிப்பொறிக்கும் ஓர் எண் விலாசம் வேண்டும். அதைப் பங்கிடும் வேலையை ஒரு சர்வர் செய்கிறது. வெளியூரிலிருந்து இணையத்தின் வழியே உள்ளே வர விரும்பும் ஊழியருக்குக் கதவைத் திறந்துவிடும் வேலையும் ஒரு சர்வருக்கு உரியது. பெரிய காரியாலயங்களில் இவ்விரண்டுக்கும் தனித்தனி யந்திரங்கள் உண்டு. சிறிய பள்ளியிலும் கள அலுவலகத்திலும் ஒரே யந்திரம்தான் இருக்கும். இரண்டு வேலைகளையும் அதனிடம் ஒப்படைக்கலாமா, ஒப்படைத்தால் எங்கே கவனம் வேண்டும் என்பதே இப்பாடத்தின் பொருள்.

எடுத்துக்காட்டாக, ஹனூரில் முப்பது கணிப்பொறிகள் கொண்ட ஓர் உயர்நிலைப் பள்ளி இருப்பதாகக் கொள்வோம். மலைக் கிராமங்களில் பணிபுரியும் பத்து ஆசிரியர்கள் வருகைப் பதிவையும் பாடக் குறிப்புகளையும் பள்ளிச் சர்வரில் சேர்க்க வேண்டும். மலைப் பகுதியின் பெரும்பங்கு 2013-இல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. இருட்டிய பின் அச்சாலைகளில் பயணம் செய்வது எளிதன்று. பழுது பார்க்கும் நிபுணர் ஏறத்தாழ 80 கிலோமீட்டருக்கு அப்பால் மைசூரில் இருக்கிறார். அவரும் தொலைவழியாகவே உள்ளே வந்து கோளாறுகளைச் சரிசெய்வார். ஆகவே அந்தக் கதவு பழுதானால் ஆசிரியர்களின் வேலை நிற்பதோடு, பழுதைத் தீர்க்க வருபவரின் வழியும் அடைபடுகிறது.

விலாசம் பங்கிடப்படும் முறை

இம்முறைக்கு டி.எச்.சி.பி. என்று பெயர். இதற்கு முன்னோடிகள் இரண்டு. 1984-இல் வெளியான ஆர்.ஏ.ஆர்.பி. என்ற முறை, யந்திரத்துக்கு அதன் விலாசத்தை மட்டும் தெரிவித்தது. அடுத்த ஆண்டு வந்த பூட்பி என்ற முறை, யந்திரம் தொடங்குவதற்கு வேண்டிய பிற விவரங்களையும் சேர்த்துக் கொடுத்தது. எனினும் எந்த யந்திரத்துக்கு எந்த விலாசம் என்பதை ஒருவர் முன்கூட்டியே பட்டியலில் எழுதி வைத்தாக வேண்டும். புதிய யந்திரம் வந்தால் பட்டியலைத் திருத்த வேண்டும். 1993-இல் முதலில் வெளியாகி, 1997-இல் இன்றைய வடிவம் பெற்ற டி.எச்.சி.பி. இத்தொல்லையை நீக்கிற்று. வந்தவருக்கு உள்ளதில் ஒன்றைக் கொடுப்பது, தவணை முடிந்ததும் திரும்பப் பெறுவது என்பதே அதன் கொள்கை.

இத்தவணையை இத்துறை நூல்கள் 'லீஸ்' என்று கூறும். நான் 'குத்தகை' என்று எழுதுகிறேன். 'இரவல்' என்று எழுதலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். இரவலுக்குத் தவணை கிடையாது. நம் ஊர்களில் அது திரும்பி வருவதும் நிச்சயமன்று. இங்கே கெடு உண்டு. கெடு முடிந்தால் பொருள் உரியவரிடம் மீளும். ஆதலின் குத்தகையே பொருந்தும்.

புதிதாக விழித்த கணிப்பொறிக்குத் தன் விலாசமும் தெரியாது, சர்வரின் விலாசமும் தெரியாது. ஆகையால் அது வலையமைப்பு முழுவதும் கேட்கும்படி கூவுகிறது. சர்வர் ஒரு விலாசத்தை முன்மொழிகிறது. கணிப்பொறி அதனையே தனக்கு வேண்டுமென்று மறுபடியும் எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லுகிறது. சர்வர் உறுதி செய்து பதிவேட்டில் எழுதிக்கொள்கிறது. சர்வர் 67 என்ற எண்ணுள்ள வாயிலிலும், கணிப்பொறி 68 என்ற எண்ணுள்ள வாயிலிலும் இவ்வுரையாடலை நடத்துகின்றன. விலாசத்துடன், வெளியே செல்லும் வழி, பெயர்களை எண்களாக மாற்றித் தரும் பெயர்ச் சர்வரின் விலாசம் முதலியவையும் கிடைக்கின்றன.

மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் விண்டோஸ் சர்வரில் குத்தகைக் காலம், மாற்றாமல் விட்டால், 8 நாட்கள். பாதிக் காலம், அஃதாவது 4 நாட்கள், கழிந்தவுடன் கணிப்பொறி தனக்குக் குத்தகை கொடுத்த சர்வரிடம் புதுப்பிக்குமாறு கேட்கும். மறுமொழி இல்லையெனில் எட்டில் ஏழு பங்கு, அஃதாவது 7 நாட்கள், கழிந்தபின் எந்தச் சர்வராவது இருக்கிறதா என்று மீண்டும் பொதுவாகக் கூவும். எட்டு நாட்கள் முடிந்தால் விலாசத்தை விட்டுவிட வேண்டியதே. இக்கணக்கு பின்னர்ப் பயன்படும்.

தொலைவழி வருவோர் இவ்வாறு கேட்பதில்லை

நம் நாட்டில் பொதுமக்களுக்கான இணையச் சேவையை 1995-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் தேதி விதேஷ் சஞ்சார் நிகம் நிறுவனம் தொடங்கிற்று. அக்காலத்தில் மோடம் என்னும் கருவியினால் தொலைபேசிக் கம்பி வழியே எண்ணைச் சுழற்றி இணைந்தோம். அதன் கீச்சொலியை நினைவில் வைத்திருப்போர் பலர் இருப்பர். தொலைபேசி இணைப்பு உறுதிப்படும்போதே இரு முனைகளும் பேசி முடிவு செய்யும் விஷயங்களில் விலாசமும் ஒன்று. பி.பி.பி. என்ற இம்முறையில், அழைப்பவர் கூவ வேண்டியதில்லை; கதவைத் திறப்பவரே, 'இந்த அழைப்பு முடியும்வரை உனக்கு இந்த எண்' என்று கொடுத்துவிடுகிறார்.

தொலைபேசி அழைப்பு மறைந்து, இணையத்தின் ஊடே மறைகுறியிட்ட சுரங்கப் பாதை அமைக்கும் வி.பி.என். வந்த பின்னரும் இவ்வியல்பு மாறவில்லை. விலாசத்தைக் கொடுப்பது தொலைவழிச் சேவையே. எனவே அதனிடம் விலாசங்களின் கையிருப்பு ஒன்று இருக்க வேண்டும். இக்கையிருப்பு எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியில்தான், இரண்டு சேவைகளும் ஒரே யந்திரத்தில் குடியிருப்பதன் சிக்கல் முழுவதும் அடங்கியுள்ளது.

விண்டோஸ் சர்வரின் தொலைவழிச் சேவைக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, நாமே ஒரு தொகுதியை எழுதிக் கொடுப்பது. மற்றொன்று, டி.எச்.சி.பி.யிடமிருந்து அதுவே குத்தகைக்கு எடுத்துக்கொள்வது. பின்னதைத் தேர்ந்தால், அது ஒரு முறைக்குப் பத்து விலாசங்களாக எடுக்கிறது. முதலாவதைத் தனக்கென வைத்துக்கொண்டு, எஞ்சிய ஒன்பதை வருவோருக்கு வழங்குகிறது. பத்தாவது மனிதர் வந்தால் மேலும் பத்து எடுக்கும். முப்பது கணிப்பொறிகளுக்கென நாற்பது விலாசங்கள் மட்டும் ஒதுக்கியிருந்த பள்ளியில், நமது பத்து ஆசிரியர்களும் ஒரே மாலையில் உள்ளே வந்தால் இருபது விலாசங்கள் போய்விடும். மறுநாள் காலையில் பத்து மாணவர்களின் யந்திரங்களுக்கு விலாசம் இல்லை. பதிவேட்டைப் பார்க்காதவர் கம்பியைக் குறை கூறுவார்.

இதைவிட நுட்பமானது தொடங்கும் வரிசை. மின்சாரம் போய் வந்தது. சர்வர் மறுபடி விழிக்கிறது. பங்கீட்டுச் சேவை எழுவதற்கு முன் தொலைவழிச் சேவை எழுந்து விலாசம் கேட்டால், கொடுப்பார் இல்லை. அப்போது அது 169.254 என்று தொடங்கும் விலாசங்களைத் தானாகவே வருவோருக்கு வழங்கத் தொடங்கும். இவை பங்கிடுவார் இல்லாதபோது யந்திரங்கள் தாமே சூட்டிக்கொள்ளும் எண்கள். இவற்றைக் கொண்டு பள்ளியின் மற்ற யந்திரங்களை எட்ட முடியாது. ஆசிரியருக்கோ, 'இணைக்கப்பட்டது' என்ற செய்தி திரையில் தெரிகிறது. உள்ளே ஒன்றும் திறப்பதில்லை. தொலைவழி வந்தவரின் விலாசம் 169.254 என்று தொடங்கினால், வேறெங்கும் தேடாமல் இக்காரணத்தை முதலில் பார்க்கவும். தொலைவழிச் சேவையை நிறுத்தி மீண்டும் தொடங்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

சர்வரில் இரண்டு வலை அட்டைகள், ஒன்று இணையத்தை நோக்கியும் மற்றொன்று பள்ளியை நோக்கியும், இருக்குமானால், தொலைவழிச் சேவை எந்த அட்டையின் வழியே விலாசம் பெற வேண்டும் என்பதையும் குறித்துக் கொடுக்க வேண்டும். தானே தேர்ந்தெடுக்கட்டும் என்று விட்டால் வெளி அட்டையைத் தேர்ந்துவிடக்கூடும். சர்வரின் உள் அட்டைக்கு நிலையான விலாசத்தைக் கையால் எழுதியிருக்க வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும். பதிவேட்டை வைத்திருப்பவர் தமக்குத் தாமே குத்தகை எழுதிக்கொள்ள முடியாது.

இத்தனை நிபந்தனைகளைப் பார்க்கும்போது, சிறிய இடங்களுக்கு முதல் வழியே, அஃதாவது தொகுதியை நாமே எழுதிக் கொடுப்பதே, நல்லது என்பது என் கருத்து. அதிலும் ஒரு பள்ளம் உண்டு. அதில் விழுந்தவர்களை நான் கண்டிருக்கிறேன்.

மாலை ஐந்து மணிக்கு வேலை செய்யாத பிரின்டர்

சில ஆண்டுகளுக்கு முன் நான் மொழிபெயர்ப்பு வேலையாகத் தங்கியிருந்த ஓர் அலுவலகத்தில், பகல் முழுவதும் ஒழுங்காக அச்சிட்ட பிரின்டர் மாலை ஐந்து மணிக்கு மேல் நின்றுவிடும். எல்லா நாட்களிலும் அன்று; வாரத்தில் மூன்று நாட்கள். உஷ்ணம் என்றார்கள், மின் அழுத்தம் என்றார்கள். பழுதுபார்ப்பவர் இரண்டு முறை காலை வேளையில் வந்து, குற்றமில்லை என்று எழுதிக் கொடுத்துப் போனார். என்னுடைய கைப்பிரதி ஒன்று அச்சாகாமல் தபால் தவறிப்போனதால் எனக்கும் இதில் அக்கறை உண்டாயிற்று.

காரணம் பின்னர் வெளிப்பட்டது. பிரின்டருக்கு டி.எச்.சி.பி. கொடுத்திருந்த விலாசம் 60-இல் முடிந்தது. தொலைவழியாக வருவோருக்கு எழுதப்பட்டிருந்த தொகுதி 60-இலிருந்து தொடங்கிற்று. வாரத்தில் மூன்று நாட்கள், கள வேலை முடித்த ஊழியர் ஒருவர் மாலை ஐந்து மணிக்கு வெளியூரிலிருந்து உள்ளே வருவார். முதல்வராக வந்த அவருக்கு முதல் எண் கிடைக்கும். அவர் சார்பில், 'அறுபதாம் எண் நான்தான்' என்று சர்வர் உள் வலையமைப்பில் பதில் சொல்லத் தொடங்கும். இது சர்வரின் தவறன்று; வெளியூரில் இருப்பவர் உள்ளே இருப்பதுபோல் தோன்றுவதற்கு அது செய்ய வேண்டிய கடமையே. விளைவு யாதெனில், பிரின்டருக்கு அனுப்பிய செய்திப் பொட்டலங்கள் சர்வரை அடைந்து, சுரங்கப் பாதை வழியே அந்த ஊழியரின் கணிப்பொறிக்குப் போய் அங்கே புறக்கணிக்கப்பட்டன.

ஒரே யந்திரத்தில் இருக்கும் இரண்டு சேவைகள் ஒன்றை மற்றொன்று அறிந்திருக்கும் என்று நாம் எண்ணிவிடுகிறோம். அவ்வாறு அறிவதில்லை. கையால் எழுதிய தொகுதி பங்கீட்டுச் சேவையின் பதிவேட்டில் ஏறாது. எனவே எல்லையை மனிதரே வகுக்க வேண்டும். ஹனூர்ப் பள்ளிக்கு 10.73.5 என்று தொடங்கும் 254 விலாசங்களை எடுத்துக்கொண்டோமானால், 1 முதல் 20 வரை சர்வர், பிரின்டர், ரூட்டர் முதலிய நிலையானவற்றுக்கு. 21 முதல் 180 வரை டி.எச்.சி.பி.க்கு, 201 முதல் 230 வரை தொலைவழி வருவோருக்கு. இடையிலும் இறுதியிலும் உள்ளவை பின்னால் வரும் தேவைக்காக. இதை ஒரு காகிதத்தில் எழுதிச் சர்வர் வைத்திருக்கும் அலமாரியின் கதவில் ஒட்டவும்.

எண்ணைத் தேர்வதிலும் கவனம் வேண்டும். உள் வலையமைப்புகளுக்கென்று 1996-ஆம் ஆண்டு ஆவணம் மூன்று தொகுதிகளை ஒதுக்கியிருக்கிறது: 10 என்று தொடங்குவன யாவும், 172.16 முதல் 172.31 வரை, 192.168 என்று தொடங்குவன. கடைகளில் வாங்கும் வீட்டு ரூட்டர்களில் பெரும்பாலானவை 192.168.0 அல்லது 192.168.1 என்பதையே பயன்படுத்துகின்றன. பள்ளியும் அதையே வைத்திருந்தால், ஆசிரியர் தம் வீட்டிலிருந்து பள்ளிச் சர்வரைத் தேடும்போது, அவருடைய கணிப்பொறி அவ்விலாசம் தன் வீட்டிலேயே இருப்பதாகக் கருதி, சுரங்கப் பாதையில் நுழையவே நுழையாது. ஒரே பெயருள்ள இரண்டு தெருக்கள் இருக்கும் ஊரில் தபால்காரர் அருகில் உள்ள தெருவில் கடிதத்தைப் போட்டுவிட்டுப் போவது போன்றது இது.

இக்காலத்து முறைகள்

தொலைவழிச் சேவைக்கு முன்பு மிகுதியாகப் பயன்பட்ட பி.பி.டி.பி. என்ற முறையை இன்று எவரும் வைத்திருக்கலாகாது. அதன் கடவுச்சொல் சோதனையை முறியடிக்கும் வழி 2012-இல் வெளிப்படையாகக் காட்டப்பட்டது. 2024 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் நிறுவனமே அதனைக் கைவிடப்போவதாக அறிவித்தது. கட்டணமின்றிக் கிடைப்பவற்றுள் 2001-இல் தோன்றிய ஓப்பன் வி.பி.என். என்பதும், 2020 மார்ச்சில் லினக்ஸின் 5.6-ஆம் பதிப்பின் மையத்திலேயே இடம் பெற்ற வயர்கார்டு என்பதும் சிறந்தவை. ஓப்பன் வி.பி.என். வழக்கமாகத் தனக்கென வேறு விலாசத் தொடரை வைத்துக்கொண்டு அதிலிருந்து வழங்குகிறது. வயர்கார்டில் பங்கீடே இல்லை. ஒவ்வொரு ஊழியருக்கும் ஒரு திறவுகோலும் ஒரு நிலையான விலாசமும் எழுதி வைக்கிறோம். பத்துப் பேருக்கு இது பத்து வரி வேலை. நம் பள்ளிக்கு நான் பரிந்துரைப்பது இதுவே.

தனித் தொடரைக் கொடுக்கும்போது, பிரின்டர் கதை நடப்பதற்கே இடமில்லை. ஆனால் வேறொரு கடமை உண்டு: உள்ளே இருக்கும் யந்திரங்களுக்கு, அத்தொடருக்குச் செல்லும் வழி சர்வர்தான் என்று தெரிய வேண்டும். வெளியேறும் வழியாக வேறொரு ரூட்டர் இருந்தால், அதில் ஒரு வரி சேர்க்க வேண்டும். இல்லையெனில் கேள்வி உள்ளே வரும்; விடை திரும்பாது.

லினக்ஸில் விலாசப் பங்கீட்டுக்கு நெடுங்காலம் பயன்பட்ட ஐ.எஸ்.சி. நிறுவனத்தின் பழைய டி.எச்.சி.பி. நிரலின் பராமரிப்பு 2022-இல் முடிந்தது. கியா என்பது அதன் வாரிசு.

இணைப்பு வாங்குமுன் ஒரு கேள்வி கேட்டுத் தெளிக. பல நிறுவனங்கள், முக்கியமாகக் கைப்பேசி வழி இணைப்பில், ஒரே பொது விலாசத்தைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கின்றன. அவ்வாறாயின் ரூட்டரின் வெளிப்புற விலாசம் பெரும்பாலும் 100.64 முதல் 100.127 வரையுள்ள தொகுதியில் இருக்கும். அந்த இணைப்பின் பின்னால் உள்ள சர்வரை வெளியிலிருந்து நேராக அழைக்க முடியாது. நிலையான பொது விலாசம் கேட்டுப் பெற வேண்டும்.

ஒரு யந்திரம் விழுந்தால்

டி.எச்.சி.பி.யில் கேட்பவர், முதலில் பதில் சொல்பவரை நம்புகிறார். சொல்பவர் யார் என்று சோதிக்கும் முறை ஒன்று 2001-இல் வகுக்கப்பட்டும் பரவலாக வழக்கத்துக்கு வரவில்லை. புதிதாக வாங்கிய ரூட்டரைப் பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே செருகியதனால், அதனுள் இருந்த பங்கீட்டுச் சேவையும் விழித்துக்கொண்டு இரண்டு சர்வர்கள் போட்டியிட்ட பள்ளிகள் பல. இணையத்தை நோக்கிக் கதவு வைத்திருக்கும் யந்திரத்திலேயே பங்கீட்டுச் சேவையும் இருப்பதன் அபாயமும் இதனால் விளங்கும்: கதவை உடைத்து நுழைந்தவன், பள்ளியின் எல்லாக் கணிப்பொறிகளுக்கும் பொய்யான வழியையும் பொய்யான பெயர்ச் சர்வரையும் அறிவிக்க வல்லவனாகிறான். ஆதலால் தொலைவழிச் சேவையைப் புதுப்பிப்பதில் தாமதம் கூடாது. பங்கீட்டுச் சேவை உள் அட்டையில் மட்டுமே செவிகொடுக்க வேண்டும்.

ஊழியர் தங்கும் விடுதியிலும் இதே அபாயம் உண்டு. 2024 மே மாதம் வெளியான ஓர் ஆய்வு, அயல் வலையமைப்பின் டி.எச்.சி.பி. சர்வர் 121-ஆம் எண் விருப்பத்தின் மூலம் சில வழிகளைக் கற்பித்து, சுரங்கப் பாதையில் செல்ல வேண்டிய பொட்டலங்களை வெளியே இழுத்துவிடலாம் என்று காட்டிற்று. ஆண்டிராய்டு கைப்பேசிகள் அவ்விருப்பத்தைக் கருதுவதில்லையாதலால் அவை பாதிக்கப்படவில்லை. விடுதியின் வைஃபையை விடத் தம் கைப்பேசியின் இணைப்பையே மடிக்கணினிக்குக் கொடுப்பது ஊழியருக்கு நல்லது.

இனி, சர்வரே நின்றுவிட்டால் என்ன ஆகும்? இங்கே குத்தகைக் கணக்கு உதவுகிறது. 8 நாள் குத்தகையில் இருக்கும் கணிப்பொறிகள் தம் விலாசத்தை உடனே இழப்பதில்லை. புதுப்பித்தவுடன் சர்வர் விழுந்திருந்தால் எட்டு நாட்களும், புதுப்பிக்கும் தறுவாயில் விழுந்திருந்தால் நான்கு நாட்களும் மிச்சம் உண்டு. ஒரு மணி நேரக் குத்தகை வைத்திருந்த இடத்தில் மதிய உணவுக்குள் எல்லாம் நின்றுவிடும். எனவே மின்தடை மிகுந்த ஊர்களில் குத்தகையைக் குறுக்க வேண்டாம். ஆனால் தொலைவழி வருவோருக்கு இச்சலுகை கிடையாது. சர்வர் விழுந்த நொடியிலேயே மைசூரில் இருக்கும் நிபுணருக்குக் கதவு இல்லை. அவர் வருவதற்கு இந்தச் சர்வரைச் சாராத மற்றொரு வழி வேண்டும். வயர்கார்டு இயங்கக்கூடிய சிறு ரூட்டர் ஒன்றில், அவர் ஒருவருக்கு மட்டும் உரிய திறவுகோலை எழுதி வைத்தால் போதும். மாதம் ஒரு முறை சர்வரை வேண்டுமென்றே நிறுத்தி, அவ்வழியாக உள்ளே வர முடிகிறதா என்று பார்த்துக்கொள்வது அவசியம். சர்வரை மீண்டும் இயக்கும்போது தொலைவழிச் சேவை சரியான விலாசங்களுடன் எழுகிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

வகுப்பில் செய்து காட்ட

ஆசிரியர் இதனைக் கணிப்பொறி இல்லாமலே நடத்திக் காட்டலாம். ஒரு மாணவர் சர்வர். அவர் கையில் 21 முதல் 30 வரை எண்ணிட்ட சீட்டுகள். மற்றவர் ஒருவர் பின் ஒருவராக எழுந்து, பெயர் சொல்லாமல், 'எனக்கு எண் வேண்டும்' என்று உரக்கக் கேட்டு, நான்கு படிகளையும் முடித்துச் சீட்டைப் பெறட்டும். பிறகு இருவரை வகுப்புக்கு வெளியே நிறுத்தி, வாயிற்படியில் ஒரு காவலரை வைத்து, அவரிடம் 25 முதல் 35 வரை எண்ணிட்ட வேறு கட்டு ஒன்றைக் கொடுக்கவும். வெளியே நிற்பவர்களுக்கு அவர் எண் கொடுப்பார்; அவர்களை யாரேனும் கூப்பிட்டால் அவர்கள் சார்பில் இவரே 'இதோ' என்பார். இப்போது ஆசிரியர் 25-ஆம் எண்ணுக்கென ஒரு கடிதத்தை எழுதி, 'இருபத்தைந்து' என்று கூப்பிடட்டும். வகுப்பில் ஒருவர் கை நீட்டுவார். வாயிற்படியில் காவலரும் கை நீட்டுவார். கடிதத்தை எவரிடம் கொடுப்பது என்று மாணவர்களையே கேட்கவும். காவலரின் கட்டை 41-இலிருந்து தொடங்குமாறு மாற்றி, மீண்டும் ஒரு முறை நடத்தவும்.